டிக்கெட்டின் முதுகில்

ஒன்பது வருஷமாக
அவர் என் பெயரைக் கேட்டதில்லை, நானும் அவர் பெயரை.
அவருக்கு நான் கிருமாம்பாக்கம்.
எனக்கு அவர் விசில்.
கடலூரில் ஏழே கால் வண்டி, இடுப்பில் தோல்பை,
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த பத்து ரூபாய்கள்.

போன ஆடியில்
ரெட்டிச்சாவடி தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி
வேலிக்காத்தான் மறைவுக்கு ஓடினார்.
முள்ளோடையில் மறுபடி.
"கண்டக்டருக்குச் சக்கரை போல" என்றாள் பூக்கூடைக்காரி.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை என் மேஜைக்கு வந்த கட்டை
1147/பி.
மெழுகுக்குள் சுண்டுவிரல் நகமளவு சதை.
தெய்வசிகாமணி, 53, வண்டிப்பாளையம்.
தொழில்: நடத்துனர், தனியார் பேருந்து.
பீடி, நாளைக்கு ஒரு கட்டு.
சிறுநீரில் ரத்தம், நாலு மாதமாக, வலியில்லாமல்.

வலித்திருந்தால் முன்னாலேயே வந்திருப்பார்.

மூன்று மைக்ரான் சீவல்.
வெந்நீர்த் தொட்டியில் ஈர அப்பளம் மாதிரி
சுருங்கி, விரிந்தது.
கண்ணாடியில் ஏற்றிப் பிரஷர் குக்கரில் வைத்தேன்.
சிரிக்காதீர்கள், எங்கள் லேபில் அதுதான் முறை.
பார்மலினில் முகம் மூடிக்கொண்ட புரதங்கள்
விசிலுக்குத்தான் கண் திறக்கும்.

பிறகு பழுப்புச் சாயம், அதன்மேல் நீலம்.
கேஐ-அறுபத்தேழில்
நீலம் என்றால் சும்மா இருக்கிறது,
பழுப்பு என்றால் பெருகக் கிளம்பிவிட்டது.
எண்ணும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி,
முள்ளோடையில் அவர் தலை எண்ணுவதுபோல்
எண்ணினேன்.
ஐந்நூறில் நூற்றுத்தொண்ணூறு பழுப்பு.

பி-ஐம்பத்திமூன்று: காவலுக்கு இருக்கவேண்டியது,
கெட்டுப்போய்க் கருவுக்குள் குவிந்து கிடந்தது.
ஈ-கேடெரின்: ஒரு செல் இன்னொன்றைப் பிடிக்கும் கை.
ஓரங்களில் அது இல்லை,
படிக்கட்டில் தொங்குகிறவன் கம்பியை விட்டமாதிரி.

"தசைக்குள்ள போயிருக்கா?" என்றார் டாக்டர் பெனடிக்டா.
"இந்தத் துண்டுல தசையே வரல மேடம்."
"அப்ப ஸ்டேஜ் சொல்ல முடியாது. திரும்ப எடுக்கணும்."

ஸ்டேஜ்.
தினமும் அவர் வாயில் கேட்கிற வார்த்தை.
"முள்ளோடையோட ஸ்டேஜ் முடிஞ்சுது,
அதுக்கு மேல போனா மூணு ரூபா கூட."

மதியம் டாக்டர் ஒரு கட்டுரையைத் திறந்து காட்டினார்.
இரண்டு கோடுகள்.
பழுப்பு குறைந்தவர்களின் கோடு மெல்லச் சரிகிறது.
கூடியவர்களுடையது பஸ் படி மாதிரி, செங்குத்தாக.
ஒவ்வொரு படியிலும் யாரோ இறங்கியிருக்கிறார்கள்,
எந்த ஊரென்று கோட்டில் இல்லை.
ஆனால் கோடு தரையைத் தொடவுமில்லை.
ஐந்து வருஷத்துக்கு அப்பாலும் சிலர்
அதே பழுப்போடு
ஜன்னலோரம் உட்கார்ந்தே போகிறார்கள்.
ஏனென்று கட்டுரைக்குத் தெரியவில்லை.
மேலும் ஆய்வு தேவை என்று முடிகிறது.

புதன்கிழமை. நல்ல கூட்டம்.
இருபது ரூபாயை நீட்டினேன்.
"சில்லறை இல்ல கிருமாம்பாக்கம்."
டிக்கெட்டின் முதுகில் ஐந்து எழுதி
சுற்றி ஒரு வட்டம் போட்டார்.
போகாமல் நின்றார்.

"நீ ஆஸ்பத்திரி லேப்லதான வேலை?
எனக்கு ஒரு டெஸ்ட்டு குடுத்திருக்கு."
"டாக்டர் கூப்பிடுவாங்க."
"நீ பாத்தா தெரியுமா?"
"நான் சாயம் போடுறவ."

பொய்யில்லை.
ஐந்நூறு வரை எண்ணியதை மட்டும் சொல்லவில்லை.

"திரும்ப எடுக்கணும்னு கூப்பிட்டா
டூட்டின்னு தள்ளிப்போடாதீங்க" என்றேன்.
அதுவே அதிகம். வாயைக் கடித்துக்கொண்டேன்.
"லீவு போட்டா பேட்டா போயிடும்மா" என்றவர்
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
செல்லுமா என்று ஒரு நோட்டைப் பார்ப்பதுபோல்.
பிறகு விசிலை வாயில் வைத்தார்.

இறங்கும்போது பின்னாலிருந்து குரல்:
"அஞ்சு ரூபா பாக்கி, சாயந்திரம் வாங்கிக்க."

இத்தனை வருஷத்தில் பாதி மீதியை
நான் கேட்டதே இல்லை,
டிக்கெட்டோடு கசக்கிப் போட்டுவிடுவேன்.

அன்று சாயந்திரம்
காலியாக வந்த இரண்டு வண்டியை விட்டுவிட்டு
அவர் வண்டிக்கு நின்றேன்,
கேட்டு வாங்க.